கல்லூரி இல்லாத அரை நாள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் மூன்று மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. தெப்பக்குளம் பக்கம் 1923-இல் தொடங்கிய ஹோலி கிராஸ், 1951-இல் தொடங்கிய சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி, 1984-இல் வந்த ஸ்ரீமதி இந்திரா காந்தி கல்லூரி. அதே 1984-இல்தான் அண்ணாமலை நகரில் காவேரி மகளிர் கல்லூரியும் வந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், கட்டணம் எவ்வளவு, பஸ் எப்படி என்பதையெல்லாம் சேர்வதற்கு முன்பே வீட்டில் பலமுறை பேசிவிடுகிறார்கள். கல்லூரி இல்லாத நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. திருச்சியின் பல கலைக் கல்லூரிகள் ஷிப்ட் முறையில் நடப்பதால் இந்தக் கேள்வி சின்னதல்ல. அரசு உதவி பெறும் வகுப்புகள் பெரும்பாலும் காலையில் நடக்கும். சுயநிதி வகுப்புகள் பல மதியத்துக்கு மேல் தொடங்கி மாலை வரை போகும். நேரம் கல்லூரிக்குக் கல்லூரி சற்று முன்பின் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளில் வகுப்பு ஐந்து மணி நேரந்தான். மூன்று வருடத்துக்கும் தினமும் அரை நாள் மிஞ்சுகிறது. அந்த அரை நாளும் படிப்பைச் சேர்ந்ததுதான், அதை ஊருக்குள் இறங்கிச் செலவிட வேண்டும், அதுவும் வீட்டுக்குத் தெரிந்து, திட்டம் போட்டு, முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்குப் பாடத்திட்டத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். பாரதிதாசன் பல்கலைக்கழக வட்டாரத்தில் இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் சார்ந்த பாடங்கள், பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம் எல்லாம் வரும். ஐந்தாவது பகுதி, நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. கணிதம் படிக்கிற பெண் வரலாறும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், வணிகவியல் படிக்கிறவள் தன் ஊர் ஆற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற கலைக்கல்லூரிக் கொள்கை நான்காம், ஐந்தாம் பகுதிகளில்தான் உயிரோடு இருக்கிறது. ஆனால் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் அவற்றுக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஆசிரியை குறிப்புச் சொல்வார், மாணவி எழுதிக்கொள்வாள், தேர்வோடு அது முடிந்துவிடும். குறை ஆசிரியை மீது இல்லை. நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓடும் ஒரு பீரியடில் அறுபது பேரை வைத்துக்கொண்டு யாராலும் வேறொன்றும் செய்ய முடியாது. பாடத்திட்டம் ஆசைப்பட்டும் வகுப்பறையால் தர முடியாத அந்தப் பங்கு, மிச்சமிருக்கும் அரை நாளில்தான் கிடைக்கும்.

சுற்றுச்சூழல் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி நாடு முழுவதும் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாடம் அது. அதற்கு ஒரு களப்பணி அறிக்கை எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலான அறிக்கைகள் இணையத்திலிருந்து எடுத்த 'நீர் மாசுபாடு' கட்டுரையாகவே முடிகின்றன. ஆனால் திருச்சியில் படிக்கிறவளுக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் கண்ணெதிரிலேயே ஓடுகிறது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, சோழர் காலத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் அது. நகருக்குள் நுழைந்ததும் அதில் சாக்கடை கலக்கிறது. இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து, நகருக்கு மேற்கே ஓரிடம், நகர் நடுவே ஓரிடம், கிழக்கே ஓரிடம் என மூன்று பாலங்களில் நின்று பார்த்தால் போதும். தண்ணீரின் நிறம், வாடை, கரையில் வளர்ந்திருக்கும் செடி, எந்தக் குழாய் எங்கே வந்து விழுகிறது, கரையோர வீட்டுப் பெண்கள் அந்தத் தண்ணீரை எதற்காவது பயன்படுத்துகிறார்களா என்று குறித்துக்கொள்ளலாம். வேதியியல் படிக்கிற தோழி ஒருத்தி இருந்தால் பாட்டிலில் மாதிரி எடுத்துவந்து, ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, கல்லூரி ஆய்வகத்திலேயே அமிலத்தன்மை பார்த்துவிடலாம். இரண்டு அரை நாள் வேலை இது. இப்படி எழுதிய அறிக்கைக்கும் நகல் எடுத்த அறிக்கைக்கும் ஒருவேளை ஒரே மதிப்பெண்தான் விழும். ஆனால் ஒரு நகரத்தின் கழிவு எப்படிப் போகிறது என்பது முதலாமவளுக்குத்தான் தெரியும். அதை யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் அவள் தெரிந்துகொண்டிருப்பாள்.

வரலாறும் தமிழும் படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் தருவதைப் பார்த்தால், இதைப் பயன்படுத்தாமல் போகிறவர்களை நினைத்து உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கல்லூரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மலைக்கோட்டை. அதில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில், அவனுடைய கல்வெட்டோடு இருக்கிறது. அடிவாரத்துப் பக்கம் ராணி மங்கம்மாள் மகால், இப்போது அரசு அருங்காட்சியகம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அதன் ராஜகோபுரம் 236 அடி. விஜயநகர காலத்தில் தொடங்கி நின்றுபோன வேலை 1987-இல்தான் முடிந்தது. ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் நடக்கிறவள் கோயிலுக்குள்ளும் நடக்கிறாள், ஊருக்குள்ளும் நடக்கிறாள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டுகளுக்கே ஒதுக்கப்பட்டது. சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என எல்லாரும் அந்தச் சுவர்களில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சுவருக்கு முன்னால் போய் நின்றால் மட்டும் ஒன்றும் புரியாது, அதனால் இதைச் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் நூலகத்தில் அந்தத் தொகுதியைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் துறை ஆசிரியையிடம் கேளுங்கள். பழைய தொகுதிகள் பலவும் மின்வடிவில் கிடைக்கின்றன. ஒரே ஒரு கல்வெட்டைத் தேர்ந்தெடுங்கள், சிறியதாகவே இருக்கட்டும். அச்சில் உள்ள வாசகத்தைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும். அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பிறகு யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காக என்பது. விளக்கெரிக்கப் பொன், பூந்தோட்டத்துக்கு நிலம், அடியாருக்குச் சோறு என்று பல வகை. முடிவில் இந்தத் தருமத்தைக் காப்பது யார் பொறுப்பு என்று ஒரு வரி. இந்த அமைப்பு பிடிபட்ட பிறகுதான் கோயிலுக்குப் போய், தொகுதியில் குறித்திருக்கும் இடத்தில் அதைத் தேட வேண்டும். புள்ளியில்லாத மெய், கூட்டெழுத்து, நடுநடுவே கிரந்தம் என்று முதலில் கண் தடுமாறும். கையில் வாசகம் இருப்பதால் ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் அடுத்ததும் வந்துவிடும். பூசை நேரத்தைத் தவிருங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எழுத்து தெளிய வேண்டும் என்று கல்லின் மேல் தண்ணீரோ சுண்ணாம்போ மாவோ எதையும் தடவாதீர்கள். சாய்வாக வெயில் விழும் வேளையில் எழுத்து தானாகவே எழுந்து தெரியும். அதனால் மதியம் மூன்று மணிக்கு மேல் போவது நல்லது, காலை ஷிப்ட் மாணவிக்கு அது வாகான நேரமுங்கூட.

பெண்கள் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு காரணமும் உண்டு. லெஸ்லி ஆர் என்ற ஆய்வாளர் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை எண்ணி ஆராய்ந்து 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். கோயிலோடு தொடர்புடைய பெண்கள் என்றாலே ஆடல் மகளிர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கல்வெட்டுகளிலோ அவர்கள் கொடையாளிகளாகவே அதிகம் தென்படுகிறார்கள் என்று அவர் காட்டினார். தம் பொருளைத் தம் பெயரிலேயே கொடுத்த பெண்கள் அவர்கள். பாடப்புத்தகத்தில் இந்தச் செய்தி ஒரு வரியாகத்தான் வரும். அப்படி ஒரு பெண்ணின் பெயரைச் சுவரில் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாணவி, வரலாறு எதிலிருந்து எழுதப்படுகிறது என்பதை அன்றைக்கே புரிந்துகொள்வாள். அதற்கு அடுத்த படி, ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு என்ற நூல் சொல்வதையும் கல்வெட்டு சொல்வதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு அதைவிட நல்ல பொருள் அமைவது அரிது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வீட்டிலிருந்து வரும்: காலேஜ் விட்டால் நேராக வீட்டுக்கு வா, ஊர் கெட்டுக் கிடக்கிறது. இதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. 1998-இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, கல்லூரிக்கு அருகிலேயே ஆண்களின் சீண்டலில் உயிரிழந்தார். அதன் பிறகுதான் பெண்களைச் சீண்டுவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பெற்றோரின் பயம் காரணமில்லாத பயமல்ல. ஆனால் அந்தப் பயத்துக்கு வீட்டுக்குள் வைத்திருப்பது மருந்தாகாது. பட்டம் வாங்கிய அடுத்த மாதமே இதே பெண் மேற்படிப்புக்கோ வேலைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நகரத்தில் தனியே விடப்படுவதைவிட, பதினெட்டு வயதில், பகல் வெளிச்சத்தில், சொந்த ஊரில், தோழிகளோடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது பாதுகாப்பானது. சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நிமிடத்துக்கொரு பஸ் என்று சொல்லும்படி ஒன்றாம் நம்பர் போய்க்கொண்டே இருக்கிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. எங்கே போகிறேன், யாரோடு போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்ற மூன்றையும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். மூன்று மாதம் இப்படி நடந்தால் வீடு தானாக இறங்கிவரும். மறைத்துவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் நூலகத்தில்தான் இருந்தீர்கள் என்றாலும், பொய் சொன்னது தெரிந்துவிட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கும் கதவு சாத்தியதுதான். வழியில் யாராவது தொல்லை கொடுத்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். கல்லூரிக்குள் நடந்தால் உள் புகார்க் குழு இருக்கிறது. மாணவிகளும் அதில் புகார் கொடுக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2015-இலேயே விதியாக்கிவிட்டது. குழு உறுப்பினர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும், ஒருமுறை நின்று படித்துவையுங்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. எனக்கு அரை நாளே கிடையாது, வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடையில் நிற்கிறேன், துறையூரிலிருந்து வந்துபோகவே மூன்று மணி நேரம் போகிறது என்று சொல்லும் மாணவிகள் ஏராளம். அவர்களிடம் போய்க் கல்வெட்டு படியுங்கள் என்று சொல்வது அநியாயம் என்று சிலர் கருதலாம். அப்படி நினைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்த உலகம் வேறு வழிகளில் கிடைத்துவிடும். இல்லாதவளுக்குக் கல்லூரி இருக்கிற இந்த மூன்று வருடம்தான் வழி. வாரம் முழுவதும் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் போதும். அதுவும் முடியாதென்றால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடையில் நிற்கிற வேலையையும் வீணாக நினைக்க வேண்டாம். கணக்குப் புத்தகம் எப்படி எழுதுகிறார்கள், சீசனுக்கு ஒரு மாதம் முன்பே சரக்கு ஏன் வருகிறது என்று கவனிக்கிற வணிகவியல் மாணவி வகுப்பில் யாருக்கும் கிடைக்காததைப் படிக்கிறாள். பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. மூன்று வருடத்தில் 36,000 ரூபாய். பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவானது. ஏ.டி.எம். கார்டும் பாஸ்புக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டுக்குத் தேவையென்றால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அதில் மாதம் நூறு ரூபாயாவது புத்தகத்துக்கும் பயணத்துக்கும் என்று ஒதுக்க வேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, மார்க்கும் போட்டித் தேர்வும். ஊர் சுற்றினால் அட்டெண்டன்ஸ் போய்விடும், அரியர் விழும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள், தினம் ஐந்து மணி நேரம் என்றால் 450 மணி. அதில் தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகை 338 மணி. நான் சொல்வது எதுவும் இந்த 338-ஐத் தொடுவதே இல்லை, எல்லாம் வகுப்பு முடிந்த பிறகு. இருக்கிற விடுப்பைக் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டே ஆர்டர் முறையை மட்டும் கவனியுங்கள். ஆறு நாள் சுழற்சி என்பதால் இந்த வாரம் திங்கட்கிழமை வந்த கால அட்டவணை அடுத்த வாரம் செவ்வாய்க்கோ வேறு நாளுக்கோ நகர்ந்துவிடும். லேப் உள்ள டே ஆர்டரன்று களைத்துப்போயிருப்பீர்கள், அன்று வெளியே எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். சி.ஐ.ஏ. எனும் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முந்தைய வாரமும் அப்படியே. போட்டித் தேர்வைப் பொறுத்தவரை, டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் என்று ஓர் அலகே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் முக்கொம்பையும் கால்நடையாகப் பார்த்தவளுக்கு அந்த அலகு மனப்பாடமாக இருக்காது, தெரிந்த ஊராக இருக்கும். முக்கொம்பில் மேலணையை 1830-களில் கட்டியவர் ஆர்தர் காட்டன். அந்தப் பழைய அணையின் மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்து போயின, பிறகு புதிய கதவணை எழுந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இதை மறக்க மாட்டாள். முதல் வருடத்திலேயே கோச்சிங் சென்டரில் முழு அரை நாளையும் அடகு வைப்பதை நான் ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டுக்கு அது போதும்.

பெண்கள் கல்லூரியே ஒரு வேலிதானே, வெளியுலகம் தெரியாமல் வளர்க்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. பாதி உண்மை. மறு பாதி என்னவென்றால், அங்கே பேரவைத் தலைவியும் பெண், நாடகத்துக்கு லைட் பிடிப்பவளும் பெண், விளையாட்டு விழாவுக்குக் கணக்கு எழுதுகிறவளும் பெண். எந்த வேலையையும் 'அதைப் பசங்க பார்த்துக்குவாங்க' என்று தள்ளிவிட முடியாது. பேசவும் நடத்தவும் தவறு செய்யவும் அந்த இடம் பழக்குகிறது. ஆனால் அது நட்பான கூட்டத்துக்கு முன்னால் கிடைக்கும் பழக்கம். முன்பின் தெரியாத நூலகரிடம், கோயில் அலுவலரிடம், மாநகராட்சி உதவியாளரிடம் போய், 'சார், இதைப் பார்க்க அனுமதி வேணும்' என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை அரை நாள்தான் தரும். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். உள்ளே நுழைவதில் நம் பெண்கள் பெருமளவு ஜெயித்துவிட்டார்கள். நுழைந்தவளுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் இனி நாம் கவலைப்பட வேண்டும்.

மதிய ஷிப்ட் மாணவிகளுக்கு ஒன்றிரண்டு மாறுதல்கள். உங்களுக்குக் காலை நேரம் மிஞ்சுகிறது, நூலகத்துக்கு அதைவிட நல்ல நேரமில்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சின்னத் தொகைதான் ஆகும், கல்லூரி அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாலையில் வகுப்பு முடியும்போது இருட்டத் தொடங்கிவிடும், ஆகையால் வெளிவேலை எல்லாவற்றையும் காலையோடு முடித்துக்கொண்டு, வகுப்பு விட்டதும் ஊர்த் தோழிகளோடு ஒரே பஸ்ஸில் கிளம்பிவிடுங்கள். விடுதி மாணவிகளுக்கு அவுட்டிங் விதிகள் கடுமையாக இருக்கும். தனித்தனியாக அனுமதி கேட்டு அலையாமல், துறைத்தலைவியிடம் நான்கைந்து பேர் கையெழுத்திட்டு, போகும் இடம், நோக்கம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் களப்பயணமாகக் கேளுங்கள். துறைத்தலைவியின் கையெழுத்தோடு வரும் கடிதத்தை வார்டன் அவ்வளவு எளிதில் மறுக்க மாட்டார். திரும்பி வந்ததும் அந்த வாரத்துக்குள் ஒரு பக்க அறிக்கை எழுதித் துறையில் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை கேட்கும்போது அது உங்களுக்காகப் பேசும்.